துணி விலகாமல்

பள்ளிவாசலில் இறந்தவர்களைக் குளிப்பாட்டும் அறையின் கதவை நஸ்ரின் சாத்தப்போனபோது அனோஜினி இடுக்கில் காலை வைத்துவிட்டாள்.

உள்ளே மேசையில் வெள்ளைத் துணி மூடியபடி மாமி ரஹேலா கிடந்தாள். காலையில்தான் மூச்சு நின்றது. பார்க் எக்ஸ்ரென்ஷன் பகுதியில் வங்காளப் பெண்கள் யார் இறந்தாலும் குளிப்பாட்ட வருகிறவள் நஸ்ரின். அவள் கோபப்படவில்லை. தொழுகிற பெண்கள்தான் இதைச் செய்வது, நீ வெளியே இருந்து உன் முறைப்படி வேண்டிக்கொள் என்று வங்காளத்தில் சொன்னாள். அனோஜினி யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். தன்வீரைக் கட்டிய பிறகும் மதம் மாறவில்லை. மாறச் சொல்லி மாமி கேட்டதுமில்லை.

தன்வீர் நடையில் நின்றான். உணவகச் சமையலறையில் தமிழர்களோடு வேலை செய்து பழகிய தமிழ் அவனுடையது.

"விடும், அனோ. எங்கட முறை அப்பிடி."

"உங்கட அம்மா என்னட்டக் கேட்டது உங்களுக்குத் தெரியாது."

மாமி கேட்டதை அவள் நஸ்ரினுக்கும் விளங்க வங்காளத்தில் சொன்னாள். பக்கவாதம் வந்தபின் வீட்டுக்கு வந்த தாதியை மாமி தொடவிடவில்லை. அனோஜினி முதல்முறை குளிக்கவார்த்தபோது மாமி சுவரைப் பார்த்து அழுதாள். போகப்போகப் பழகிவிட்டது, தலையில் தண்ணீர் விழும்போது பாடக்கூடச் செய்தாள். அப்படியொரு நாளில்தான் கையைப் பிடித்துக் கேட்டாள்: கடைசிக் குளிப்பின்போதும் முன்பின் தெரியாதவர்களிடம் என்னைத் தனியே விட்டுவிடாதே.

அனோஜினி தன்வீரிடம் திரும்பினாள்.

"நான் ஓம் எண்டு சொல்லிட்டன். இப்ப எப்பிடி வெளியில நிக்கிறது?"

அவன் நஸ்ரினிடம், அம்மா கேட்டிருந்தால் அதுவே நடக்கட்டும் என்றான்.

நஸ்ரின் கதவை முழுதாகத் திறந்தாள். உடம்பை நாங்கள் கழுவுகிறோம், மூடியிருக்கும் துணியை நீ பிடி, விலகாமல் பார்த்துக்கொள் என்றாள்.

நஸ்ரினும் இன்னொருத்தியும் துணிக்கடியில் கைவிட்டுக் கழுவினார்கள். அனோஜினி மாமியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு துணியைத் தூக்கிப் பிடித்தாள். நனைய நனைய அது கனத்தது. நஸ்ரின் ஆள் மாற்றிவிடவா என்று கேட்டபோது வேண்டாமென்று தலையசைத்தாள். மாமியின் சரிந்த தோளைத் திருப்பும்போது மட்டும் வாய் திறந்தாள்.

"ஆஸ்தே."

நஸ்ரின் மெதுவாகவே திருப்பினாள்.

கபன் துணி சுற்றி முடிந்ததும் ஆண்கள் தொழுகைக்கு வரிசையாக நின்றார்கள். அனோஜினி வாசலுக்கு வந்து பனிக்குவியலருகே நின்றாள். குளிர்கால ஜாக்கெட்டை உள்ளே விட்டிருந்தாள். ஈரமான சட்டைக் கைகள் குளிரில் விறைத்துப்போயின. முழங்கையை மடித்தபோது அவற்றில் பனி நொறுங்கும் சத்தம் கேட்டது.