இடம் மாறிய தழும்பு

கண்ணாடியைத் திருப்பிய பிறகுதான் தெரிந்தது, என் அக்கா புருஷன் ஹோய், வெள்ளைக்காரனின் தழும்பைக் கன்னம் மாற்றிப் போட்டிருக்கிறார் என்று. மனுஷன் மூளையைக் கழற்றி வைத்துவிட்டு வேலை பார்த்திருக்கிறார்.

சீனத்துத் துறைமுகமான கான்டனில் எங்கள் கடைக்குக் கப்பல்காரர்கள் தங்கள் ஊரிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடி கொண்டுவருவார்கள். பின்பக்கத்து ரசப் பூச்சில் பாதியை நான் சுரண்டுவேன். அந்த இடத்தில் மச்சான் பின்னாலிருந்தே படம் எழுதுவார். முதலில் கண்மணி, கடைசியில்தான் தோல். மாதிரித் தாளை அடியில் வைத்து எழுதுவதால் முன்பக்கம் இடவலம் மாறித்தான் வரும். கிளி எந்தப் பக்கம் திரும்பினால் யாருக்கு என்ன? ஆனால் டேனிஷ் கப்பல் அதிகாரி யெஸ்பர் நேரில் வந்து உட்கார்ந்தான். இடது கன்னத்தில் நீளத் தழும்பு. மச்சான் அவனைத் தாளில் வரைந்து, தாளைத் திருப்பிப் போடாமல் வழக்கம்போல அடியில் வைத்துவிட்டார்.

"சுரண்டிட்டுத் திரும்பப் போடலாமா மச்சான்?"

"காயவே பத்து நாள் ஆகும் மாப்ளே. அவன் இன்னைக்கு மத்தியானம் கப்பலேறுறான்."

போன வருஷம் இப்படிக் கண்ணாடியைக் கெடுத்த பக்கத்துக் கடையை இழுத்து மூடிவிட்டார்கள். மச்சான் வாசலை எட்டி எட்டிப் பார்த்தார்.

"கேட்டா என்ன சொல்றது?"

"நீங்க வாயத் திறக்காம இருங்க, அது போதும்."

யெஸ்பர், பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷியோடு வந்தான். படத்தைப் பார்த்தான். பக்கத்தில் மிச்சமிருந்த கண்ணாடியில் தன்னைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான். மெல்லத் தழும்பைத் தடவினான். அவன் கடகடவென்று சிரித்தான்.

"அச்சு அசல் நான்தான்னு சொல்றார்," என்றான் துபாஷி. "தழும்புகூட இம்மி பிசகலையாம்."

அவன் தன் முகத்தைக் கண்ணாடியில் அல்லாமல் வேறெங்கே பார்த்திருக்கிறான்! கண்ணாடியில் அது அந்தப் பக்கம்தானே தெரியும்.

"பொழச்சோம்டா," என்று மச்சான் முணுமுணுத்தார். நான் வைக்கோலை விரித்துப் படத்தை வைத்தேன், மச்சான் கயிறு கட்ட ஆரம்பித்தார். தப்பித்த குஷியில் வாய் சும்மா இருக்காமல் துபாஷியைக் கேட்டேன்.

"இவ்ளோ ஆசையா வாங்கிட்டுப் போறாரே, யாருக்காம்?"

"அவங்க அம்மாவுக்கு. ஏழு வயசுல பனிக்கட்டியில விழுந்து கன்னம் கிழிஞ்சுதாம். அந்தம்மாதான் மடியில போட்டுத் தைச்சாங்களாம்."

மச்சானின் கை கயிற்று முடிச்சிலேயே நின்றுவிட்டது. தைத்தவளுக்குத் தெரியாதா எந்தக் கன்னமென்று! நான்தான் மீதியைக் கட்டிக் கொடுத்தேன்.

அடுத்த வருஷமும் இங்கேதான் வருவேன் என்று யெஸ்பர் என் தோளில் தட்டிவிட்டுப் போனான். அவன் வரவே கூடாது என்று அந்த நிமிஷமே வேண்டிக்கொண்டேன். பிறகு, கடலில் போகிறவனுக்காகக் காத்திருக்கும் அந்தத் தாயை நினைத்து, இப்படி வேண்டிவிட்டோமே என்று பயந்து போனேன்.