பொட்டாஷ் டப்பா

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. வாளையார் சோதனைச் சாவடியில், லாரிகளுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நின்ற பேருந்தில், பக்கத்து இருக்கைப் பெண் சொன்னது. எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "எழுதுங்ணா, முடிவ மட்டும் மாத்தீராதீங்க" என்றாள். சிக்கலே அதில்தான்.

2

முதல் வரி இப்படி எழுதினேன்: 'அணுக்கருவின் ஆழ்ந்த மௌனத்தில்...' அடித்துவிட்டேன். அணுக்கரு மௌனமாக இருந்தால் அந்தப் பக்கத்து இருக்கைப் பெண் யோகப்பிரியாவுக்கு வேலையே இல்லை.

அவள் பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டிக்காரி. தென்னந்தோப்புக்காரர் அர்த்தநாரியின் மகள். நியூட்ரான் அளவுக்கு மேல் ஏறிய ஒரு கார்பன் அணுக்கருவை (எந்தக் கார்பன் என்று கேட்காதீர்கள், கட்டுரை இன்னும் வெளிவரவில்லை) அசுர வேகத்தில் பாயவிட்டு, கிளர்ச்சி அடங்கும்போது அது விடும் காமாக் கதிரை அளக்கிறாள். அணுக்கரு பாயும் பக்கம் வளையமாக நிற்கும் கருவிகளின், அதாவது முன்வளையத்தின், வரைபடத்தில் கதிரின் ஆற்றல் 1461 என்ற இடத்தில் ஒரு மேடு தெரிந்தது. இதுவரை யாரும் காணாத நிலை என்றார்கள். திங்கட்கிழமை கட்டுரை போகிறது. முதல் பெயர் அவளுடையது.

3

(இங்கே ஒரு வில்லன் தேவைப்பட்டான். பேராசிரியரை வைத்துப் பார்த்தேன். பாவம், நல்ல மனிதர்.)

வில்லன் ஒரு மாத்திரை டப்பா. கருவிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க, அப்பா தென்னைக்கு வைக்கும் பொட்டாஷ் உரத்தில் கொஞ்சம் அந்த டப்பாவில் போட்டுக் கொண்டுபோய்க் கருவிகளுக்கு நடுவே வைப்பது அவள் வழக்கம். பொட்டாஷில் உள்ள பொட்டாசியத்துக்கு இயல்பாகவே கொஞ்சம் கதிரியக்கம் உண்டு, எங்கே இருந்தாலும் 1461-ல் மேடு காட்டும்.* சோதனை தொடங்குமுன் டப்பாவை எடுத்தாளா? நினைவில்லை.

அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, அந்த மாத்தர டப்பா ஊட்டுல இருக்குதுங்களா?"

"போனவாட்டி வந்தப்பவே குடுத்துட்டயே கண்ணு. மொளகா வெத போட்டு வெச்சிருக்கறேன்."

டப்பா ஊர் திரும்பிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் கருவிகளுக்கு நடுவிலிருந்து அது எப்போது வெளியே வந்தது, சோதனைக்கு முன்பா பின்பா என்பது மிளகாய் விதைக்குத் தெரியாது.

* சுவரிலும் கொஞ்சம் பொட்டாசியம் உண்டு. அதைக் கழித்துவிட்டார்கள். டப்பாவைக் கழிக்கவில்லை. அது இருந்ததே அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

4

தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. எதிர்ப்பக்கம், பின்வளையத்திலும் கருவிகள் இருக்கின்றன. முன்வளையமே போதும் என்று பேராசிரியர் சொன்னதால் அதன் பதிவுகளை யாரும் திறந்து பார்க்கவில்லை. எதிரே வரும் லாரியின் ஹாரன் ஒரு சுருதி, கடந்து போனதும் வேறு சுருதி. பாயும் அணுக்கருவின் கதிரும் அப்படித்தான், பின்வளையத்தில் மேடு இடம் மாறியிருக்கும். நிற்கும் லாரியை எங்கிருந்து கேட்டாலும் ஒரே சுருதிதான். டப்பா நிற்கும் லாரி: பின்வளையத்திலும் மேடு 1461-லேயே இருந்தால், கண்டுபிடிப்பு இல்லை, வெறும் பொட்டாஷ்.

"நீங்களா இருந்தா என்னங்ணா பண்ணுவீங்க?"

"தொறக்க மாட்டேன் அம்மிணி."

(இந்த வரியை மூன்று முறை அடித்தேன். சொன்னது சொன்னதுதான். வெட்கமாக இருக்கிறது.)

"எனக்கு இது மூணு வருச வேலைங்ணா" என்றபடி மடிக்கணினியைத் திறந்தாள்.

5

முடிவு ஒன்று: சட்டென்று பேருந்து நகர, கணினியில் சார்ஜ் தீர்ந்து... கோழைத்தனம். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு, நடந்தது: 'டப்பா உள்ளேயே இருந்திருக்கலாம் சார்' என்று பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் பின்வளையத்தைத் திறந்தாள். அந்த வரிசையைக் கவனியுங்கள். பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள்.

மேடு ............-ல் இருந்தது.

முடிவை நான் மாற்றவில்லை, இடம் விட்டிருக்கிறேன். எண்ணை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதுமுன், அந்த டப்பா உங்கள் வீட்டிலிருந்து போனது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.