கேட்புக் கூட்டம்

சிந்துஜாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அன்றைக்குக் காலையிலேயே சிவந்துவிட்டது. செங்கம் ரோட்டு ஓட்டலின் மீட்டிங் ஹாலில் அவள் மைக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, சாலைக் கம்பெனியின் திட்ட அலுவலர் அருண்பிரசாத் வந்து நின்றார்.

"மேடம், நாங்க காட்டப்போற சாலைப் படம் நடுவுல நிக்கவே கூடாது. மைக்கைக் கொஞ்சம் பின்னாடி தள்ளிடுங்க."

நாற்காலியைத் தள்ளச் சொல்வது போல எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்! ஹாலின் ஓரத்தில் இரும்பு அலமாரிக்குள் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. மேனேஜ்டு சுவிட்ச். ஹாலில் பேசுகிற குரல், கேமரா பிடிக்கிற முகம், திரையில் ஓடுகிற படம் எல்லாமே அதன் வழியாகத்தான் சென்னைக்குப் போக வேண்டும். சாதா சுவிட்ச் என்றால் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு ஓடும். நெரிசலில் எது நசுங்கினாலும் கேட்பாரில்லை. இந்தப் பெட்டியிடம் மட்டும் யார் முன்னால், யார் பின்னால் என்று ஒருமுறை சொல்லிவைத்தால் போதும், அப்படியே நடத்தும். போன வருடம், 2008இல், இதை வாங்கச் சொன்னபோது ஓட்டல் முதலாளி ராஜமாணிக்கம், "ஏம்மா, இது லைட்டு சுவிட்சா ஃபேன் சுவிட்சா?" என்று கேட்டார். அவருக்குப் புரியவைப்பதற்குள் சிந்துஜாவுக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

"குரலுக்குத்தான் சார் முதல் இடம்" என்றாள் அவள். "படம் ஒரு நிமிஷம் நின்னா ஒண்ணும் ஆவாது. பேச்சு வெட்டுப்பட்டா கூட்டமே வீண்."

"ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

பொறுப்பு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதில்தான் காது இன்னும் சூடாகிவிட்டது. அடி அண்ணாமலை ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயை மூடி, அதன்மேல் சாலை போடப் போகிறது அவருடைய கம்பெனி. ஏரி நிரம்பாவிட்டால் கீழே உள்ள கிணறு ஒவ்வொன்றும் வற்றும். ஊர்க்காரர்கள் சாலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. கால்வாயை மூடாமல் ஒரு பாலம் கட்டி அதன்மேல் போங்கள் என்கிறார்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கருத்துக் கேட்புக் கூட்டம். கேட்க வேண்டிய தலைமை அதிகாரியோ, பௌர்ணமி நெருங்குகிறது, கிரிவலக் கூட்டத்தில் ஊருக்குள் கார் நுழையாது என்று சாக்குச் சொல்லிச் சென்னையிலேயே உட்கார்ந்துகொண்டார். வீடியோவில் கேட்பாராம்.

ஊர்க்காரர்கள் வந்தார்கள். முன்னால் சகாதேவன் மாமா, பக்கத்தில் தங்கம்மாள் அத்தை. அத்தை சிந்துஜாவின் அப்பாவோடு கூடப்பிறந்தவள். அவள் வாய்க்குப் பயந்து பால்காரன்கூட அளவைக் குறைக்கமாட்டான். சிந்துஜா அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

"அத்தை, பெரிய அதிகாரி. கோவப்படாத. மாமா பேசட்டும், நீ சும்மா இரு."

"நான் ஏன்டி பேசப்போறேன்" என்றாள் அத்தை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு.

முதலில் படம் ஓடியது. பளபளவென்று சாலை, இரண்டு பக்கமும் மரம், சிரித்துக்கொண்டே போகிற கார்க்காரர்கள். கால்வாய் இருந்த இடத்தில் புல் வளர்ந்திருந்தது. திரையில் தெரிந்த அதிகாரி தலையாட்டி ரசித்தார். படம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

பிறகு சகாதேவன் எழுந்து கும்பிட்டார். "ஐயா, வணக்கங்க. நாங்க சாலையை எதுக்கலைங்க. அந்தக் கால்வா வந்து..."

"கேக்கலைங்களே" என்றார் அதிகாரி.

சகாதேவன் மைக்கின் அருகே குனிந்து திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"விட்டு விட்டு வருது. ஒண்ணும் புரியலை."

சிந்துஜா அலமாரிக்கு ஓடினாள். விளக்குகள் ஒழுங்காக மினுங்கின. மடிக்கணினியில் பார்த்தாள், மைக்கின் குரல் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் வயரை மாற்றினாள். மைக்கை மாற்றினாள். சகாதேவன் மறுபடியும் கும்பிட்டு, மறுபடியும் ஐயா வணக்கங்க என்றார். அந்த மனிதர் ஆயுசில் இத்தனை கும்பிடு யாருக்கும் போட்டிருக்கமாட்டார். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

"கேக்கலை."

"அப்பவே சொன்னேன்" என்றார் அருண்பிரசாத், ஹாலே கேட்கும்படி. "குரலுக்கு முதல் இடம்னாங்க. இப்ப என்னாச்சு பாருங்க."

ஊர்க்காரர்கள் சிந்துஜாவைத் திரும்பிப் பார்த்தார்கள். சொந்த ஊர் ஜனம் அவளை அப்படிப் பார்த்ததில்லை. தன் வேலையால்தான் இவர்கள் வாய் அடைபட்டதோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, விடுங்க அருண். லைன்ல பழுதுனு போட்டுக்கலாம். படம் காட்டியாச்சு, கருத்து கேட்டாச்சு. கூட்டத்தை முடிச்சிடுங்க."

தங்கம்மாள் எழுந்தாள். மைக்கின் பக்கம்கூடப் போகவில்லை, நின்ற இடத்திலிருந்தே ஆரம்பித்தாள்.

"கேக்கலைன்றான், கேட்டாச்சுன்றான், இது இன்னாடா கூத்து? ஊர்த் தண்ணியை மூட வந்த பேமானி! வெயில்ல வந்து கை கூப்பினு நிக்கிறாரு மனுசன், நீ ஏசி ரூம்ல குந்திக்கினு கடியாரம் பாக்குறியா? உன் வாயில மண்ணு விழ!"

"ஏய்! யாரும்மா அது?" அதிகாரி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "யாரைப் பாத்து பேமானின்ற? அருண், அந்தம்மாவை வெளியே அனுப்புங்க!"

அருண்பிரசாத் தரையைப் பார்த்தார்.

சிந்துஜாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சிரிப்பு அடங்கியதும் வந்த கோபம் அதுவரை அவளுக்கே தெரியாத கோபம். நேராகப் போய் மைக்கைக் கையில் எடுத்தாள்.

"சார், நான் இந்த ஹாலைப் பாத்துக்கறவ. எங்க அத்தை திட்டினது கேட்டுதுங்களா?"

"கேக்காம என்ன? வாயில மண்ணு விழுமாம்! என்ன பேச்சு இது?"

"அவங்க மைக்குல பேசலை சார். அவ்ளோ தூரத்துல நின்னு பேசினது உங்களுக்கு வார்த்தைக்கு வார்த்தை கேட்டிருக்கு. மைக்குல வாயை வெச்சு மாமா பேசினது மட்டும் கேக்கலையா? லைன்ல பழுது இல்ல. பழுதுனு நீங்க எழுதினா, இல்லைனு என் கையெழுத்தோட நான் எழுதுவேன்."

அருண்பிரசாத் அலமாரியை நோக்கி நடந்தார். அவருடைய கை பெட்டியின் வயரில் படுவதற்குள் சிந்துஜா குறுக்கே போய் முதுகால் அலமாரிக் கதவைச் சாத்தி, அதன்மேலேயே சாய்ந்துகொண்டாள். "தொட்டுப் பாருங்க" என்றாள். அவர் தொடவில்லை.

திரையில் அதிகாரி மெல்ல உட்கார்ந்தார். கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, சொல்லுங்க" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

சகாதேவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, பழக்க தோஷத்தில் மறுபடியும் கைகளைக் கூப்பினார். தங்கம்மாள் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"கும்பிட்டதெல்லாம் போதும்யா. நாலு திட்டு திட்டு, நடுநடுவுல கால்வாயைச் சொல்லு. அப்பதான் அவனுக்குக் கேக்கும்."