ஹார்லன் ஸ்டோவால் வாங்கிய துப்பாக்கிகளும் அவர் வீட்டுக்கு வந்த கதவுகளும்

“அதைக் கீழ வை, ஹார்லன்! அது வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா நான் வெளியே போயிடுவேன்!” என்று வெர்னா ஸ்டோவால் கத்தினார்.

“போ, ஆனா எந்தக் கதவு வழியாப் போறேன்னு சொல்லிட்டுப் போ. தெரியாம சுட்டுத் தொலைக்கப் போறேன்!” என்று அவர் கணவர் அதைவிடச் சத்தமாகக் கத்தினார்.

ஓடெல் ப்ரூயிட்டின் துப்பாக்கிக் கடையில் அப்போது ஏழு பேர் இருந்தோம். யாரும் சிரிக்கவில்லை. ஸ்டோவால் வீட்டுக்கு அன்று ஆறு கதவுகள். கட்டும்போது வைத்தவை இரண்டு. மற்ற நான்கும் ஹார்லன் துப்பாக்கி வாங்கிய மறுநாள் காலைகளில் ஒவ்வொன்றாகச் சுவரில் வந்தவை. எல்லாம் பச்சை வண்ணம் அடித்த கனமான கதவுகள், முப்பது வருடம் கைபட்டுத் தேய்ந்தது போன்ற பித்தளைக் குமிழுடன். சூறாவளி கூரைகளைத் தூக்கி அடுத்த வட்டாரத்தில் வைத்துவிட்டுப் போகிற ஊர் எங்கள் கார்வர்ஸ்ஃபோர்டு. கதவு வருவதையெல்லாம் நாங்கள் பெரிதுபடுத்தவில்லை. கதவு விற்கிறவர் மட்டும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

இது ஆகஸ்டில் தொடங்கியது. தெருக்கோடி வீட்டுக்காரர்கள் தேவாலயத்துக்குப் போயிருந்தபோது யாரோ உள்ளே புகுந்து தொலைக்காட்சியை எடுத்துக்கொண்டு, அடுப்பில் வெந்துகொண்டிருந்த மாட்டிறைச்சிக் குழம்பையும் தின்றுவிட்டுப் போயிருந்தார்கள். தொலைக்காட்சி போனது ஹார்லனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. “சாவகாசமா உக்காந்து தின்னுருக்கான். குழம்புக்கு உப்பு வேற போட்டிருக்கான்” என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு ஓடெலிடம் போனார்.

ஓடெலுக்கு ஒரு முறை உண்டு. வீட்டுக் காவலுக்குத் துப்பாக்கி கேட்டு யார் வந்தாலும் ஒரு காகிதப் பையைக் கிழித்து நீட்டி வீட்டை வரையச் சொல்வார். கதவு எங்கே, சுவர் என்ன தடிமன், யார் எங்கே தூங்குகிறார்கள் என்று கேட்பார். ஆள் தூங்குகிற இடத்தில் ஒரு சிலுவைக் குறி போட வேண்டும், அந்தப் பக்கம் சுடக் கூடாது. ஹார்லன் வரைந்த முதல் படத்தில் இரண்டு குறிகள் இருந்தன. ஒன்று அவரும் வெர்னாவும் தூங்கும் அறை. இன்னொன்று மகள் டார்லாவின் அறை. டார்லா ஜாப்லின் நகரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்த்தாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துணி துவைக்க வீட்டுக்கு வருவாள்.

“உங்க சுவர் மெல்லிசு. ரைஃபிள் வேணாம், குண்டு பக்கத்து வீட்டு அம்மா சூப் சட்டியில போய் விழும். ஷாட்கன் போதும்” என்றார் ஓடெல். பக்கத்து வீட்டு அம்மா நான்தான். சூப்பும் அன்று அடுப்பில் இருந்தது.

மறுநாள் கிழக்குச் சுவரில் கதவு. இரண்டாம் படத்தைப் பார்த்த ஓடெல், புதுக்கதவுக்குப் போகிற குறுகிய நடையில் ஷாட்கனைத் திருப்ப இடம் போதாது என்று ரிவால்வர் கொடுத்தார். அதற்கும் ஒரு கதவு வந்தது. மூன்றாம் படத்துக்குப் பதினைந்து தோட்டா பிடிக்கும் பிஸ்டல். நான்காம் படத்தில் புதுக்கதவு வயல் பக்கம் திறந்ததால், வேண்டாம் என்ற ரைஃபிளையே கொடுக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொன்றும் அந்தந்தப் படத்துக்குச் சரியான துப்பாக்கிதான், ஓடெலைக் குறை சொல்ல முடியாது. இதற்குள் மான் வேட்டைக் காலம் வந்துவிட்டது. ஹார்லன் மானை மறந்துவிட்டார். வீட்டு நடுவில் நாற்காலியைப் போட்டு, ஆறு கதவுகளையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காபியைக்கூட இடது கையால்தான் குடித்தார்.

ஐந்தாம் படத்தைப் பார்த்துத்தான் வெர்னா கடையில் கத்தியது. டார்லாவின் அறையில் துப்பாக்கி அலமாரி வைத்தாகிவிட்டது. படத்தில் அங்கே குறி இல்லை. ‘காலி’ என்று எழுதியிருந்தது.

“உன் பொண்ணு எங்கய்யா?” என்றார் வெர்னா.

“அவதான் ஜாப்லின்ல இருக்காளே.”

“ஓடெல், நீயாவது சொல்லு.”

ஓடெல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் படத்தைப் பார்த்துத்தானேம்மா கொடுக்க முடியும்” என்றார். ஹார்லன் ஒரு குட்டிப் பிஸ்டலுடன் வீட்டுக்குப் போனார். மறுநாள், சனிக்கிழமை, சமையலறைக் கதவுக்குப் பக்கத்திலேயே அச்சு அசலாக இன்னொரு கதவு வந்தது.

எங்கள் ஊரில் முன்கதவு பாதிரியாருக்கும் போலீசுக்கும் அந்நியருக்கும். சொந்த மனிதர்கள் சமையலறைக் கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு வருவார்கள். தட்டினால் வீட்டுக்காரருக்கு மனசு கஷ்டப்படும். ஹார்லன் அதையே சட்டமாக்கி வைத்திருந்தார். சமையலறைக் கதவில் வந்தால் சொந்தம், வேறு எதில் வந்தாலும் திருடன்.

ஞாயிறு மதியம் நல்ல மழை. டார்லா ஒரு வாரம் முன்னதாகவே வந்தாள். கார் வந்தது எனக்கே கேட்கவில்லை, எனக்கே என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நனையாமலிருக்க அழுக்குத்துணிக் கூடையை முகம் மறையத் தலைமேல் தூக்கிப் பிடித்தபடி ஓடி, இரண்டு பச்சைக் கதவுகளில் கைக்குக் கிடைத்த ஒன்றைத் தட்டாமல் திறந்தாள். அது புதியது. முகம் தெரியாத ஓர் உருவம் உள்ளே வருவதை ஹார்லன் பார்த்தார். “அவளுக்குக் குறி போடலையே!” என்று வெர்னா அலறினார். ஹார்லன் அதற்குள் சுட்டுவிட்டார்.

எட்டாவது கதவு அப்போது வந்தது. இந்த முறை அது காலைவரை காத்திருக்கவில்லை, சுவரையும் தேடவில்லை. அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே, வெறும் தரையில், சாத்தியபடி நின்றது. தோட்டா அதில் பாதி தூரம் போய் நின்றுகொண்டது. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கூடை விழும் சத்தம் கேட்டது. ஹார்லனுக்கு அந்தக் கதவைத் திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. இரண்டடி நகர்ந்தால் சுற்றிக்கொண்டு போயிருக்கலாம், அதுவும் தோன்றவில்லை. வெர்னாதான் போனார்.

“அப்பா, நான்தான். டார்லா” என்றது குரல், முன்பின் தெரியாத ஒருவரிடம் பேர் சொல்கிற மாதிரி.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் ‘கை தவறிச் சுட்டது, சேதம், ஒரு கதவு’ என்று எழுதிக்கொண்டார். வெர்னா ஐந்து துப்பாக்கிகளையும் காரில் போட்டுக்கொண்டுபோய் ஓடெலின் மேசையில் வைத்தார். ஷாட்கனை மட்டும் யோசித்துவிட்டு, தோட்டாவை எடுத்து, பூட்டுப் போட்டு, தன் பேரில் திரும்பக் கொண்டுவந்தார். கதவுகள் போகவில்லை.

டார்லா பிறகு அந்த வீட்டுக்குள் வரவேயில்லை. அடுத்த ஜூனில் ஜாப்லினில் குளிர்பதனப் பெட்டி பழுதுபார்க்கும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஹார்லன் கடைசி வரிசையில் உட்கார்ந்தார், யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. இலையுதிர் காலத்தில் அவரும் வெர்னாவும் அவளிருக்கும் தெருவிலேயே மூன்றாம் மாடி வீடொன்றுக்குப் போய்விட்டார்கள். கார்வர்ஸ்ஃபோர்டு வீட்டை ஒன்பது பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பம் வாங்கியது. ஞாயிறு காலையில் எல்லோரும் தேவாலயத்துக்குக் கிளம்பும்போது கதவு போதவில்லை என்று அந்த அம்மா என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.