ஓர் ஆள் எடை

வேனின் பின்கதவைத் திறந்த மகள் பதறிப்போய் ஓரடி பின்வாங்கினாள். உள்ளே அரை இருட்டில் யாரோ போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணா! சீக்கிரம் இங்க வா!"

அவள் வந்தது மடக்கு நாற்காலிகளுக்காக. இன்னும் சற்று நேரத்தில் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்துவிடுவார்கள். துக்கம் கேட்க வருகிறவர்களை உட்காரவைக்க வீட்டில் இடம் போதாது. அப்பாவின் பழைய வேலை வேனில் எப்போதும் நாலைந்து நாற்காலிகள் கிடக்கும்.

அண்ணன் காபிக் கோப்பையோடு ஓடிவந்தான். எட்டிப் பார்த்தான். பிறகு துணிச்சலை வரவழைத்துக்கொண்டு போர்வையின் நுனியைப் பிடித்து இழுத்தான். சக்கர நாற்காலி ஒன்று. அதில் மூன்று மணல் மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, இடுப்புப் பட்டை மாட்டிக்கொண்டு, சமர்த்தாக உட்கார்ந்திருந்தன.

"என்னடி இது?"

"என்னக் கேட்டா எனக்கென்ன தெரியும்?"

"அம்மாவோட வீல்சேரா?"

"அம்மா அவங்க வீல்சேர்ல உள்ள உக்காந்திருக்காங்க. இது வேற."

அண்ணன் கோப்பையை வேனின் விளிம்பில் வைத்தான். "நான் அப்பவே சொன்னேன். மனுஷனுக்கு மூளை கொழம்பிப் போச்சுன்னு. நீதான் காதுல வாங்கல."

அப்பா இல்லை என்பதே அவளுக்கு இன்னும் மண்டையில் ஏறவில்லை. அதற்குள் மணல் மூட்டைக்கு வேறு காரணம் கண்டுபிடிக்கச் சொன்னால் எப்படி?

அப்பா ஆயுசு முழுக்க லிப்ட் பழுது பார்த்தவர். தெருவில் அவருக்கு லிப்ட்காரர் என்றே பெயர். மேலும் கீழும் போய்வந்தே காலத்தை ஓட்டியவருக்குத் தண்ணீர் என்றால் மட்டும் ஆகாது. கடற்கரைக்குப் போனாலும் கணுக்கால் நனையாத தூரத்தில் செருப்புகளுக்குக் காவலாக நின்றுகொள்வார். அப்படிப்பட்டவர் இந்த வருஷத் தொடக்கத்தில், சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஏரிக்கரையில சின்னதா ஒரு வீடு வாங்கப் போறேன். லீவுக்குப் போய்வர. படகு இறக்க வசதியா இருக்கணும்."

"படகா? எதுக்குப்பா?"

"மீன் பிடிக்க."

மீன் வாடை அடித்தாலே ஜன்னலைச் சாத்துகிறவர் அவர். ஆனால் அவருடைய பங்காக வந்த நிலத்தை விற்றும் விட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேனை எடுத்துக்கொண்டு வீடு பார்க்கக் கிளம்பினார். யாரையும் கூட அழைத்துப் போகவில்லை. ஒரே ஒருமுறை அவள் வம்பாக ஏறி உட்கார்ந்துகொண்டாள். அருமையான வீடு. அகலமான கண்ணாடி ஜன்னல்கள், ஜன்னல் நிறைய ஏரி. அப்பா வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. நேரே படகுத்துறைக்குப் போய் மண்டியிட்டு, பலகை சாய்ந்திருக்கிறதா என்று ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். எழுந்து வந்து, "ஆகாது" என்றார்.

"ஏன்ப்பா?"

"படி இருக்கு."

"நாலு படிதானேப்பா?"

"நாலும் படிதானே."

வழியெல்லாம் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

நேற்றும் அப்படித்தான் வீடு பார்க்கப் போனார். மத்தியானம் தரகர் போன் செய்தார். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வேனைத் தரகரின் ஆள் ஒருவன் ஓட்டி வந்து வாசலில் விட்டுப் போயிருந்தான்.

மூட்டைகளை அப்படியே விட்டுவிட்டு நாற்காலிகளை மட்டும் எடுத்துக்கொண்டு இருவரும் உள்ளே போனார்கள். அம்மா கூடத்தில் ஜன்னலோரமாக இருந்தாள். பக்கவாதம் வந்து எட்டு மாதமாயிற்று. வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. மற்றபடி எல்லாம் புரியும், எல்லாம் தெரியும். நேற்று சேதி சொன்னபோது மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். பிடித்த இடம் இன்னும் வலித்தது.

இப்போது அம்மா இடது கையைத் தூக்கி எதிர்ச் சுவரைக் காட்டினாள். எட்டு மாதமாக நடக்கிற கூத்துதான் இது. தினமும் அதே சுவர், அதே விரல். அங்கே ஒரு காலண்டர், அதன் கீழே மின்விசிறி சுவிட்ச்.

"பன்னண்டாம் தேதிம்மா. திங்கக்கெழம" என்றாள் மகள்.

அம்மா தலையை ஆட்டி இல்லை என்றாள். அண்ணன் போய் மின்விசிறியைப் போட்டான். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

மகளுக்குப் பல் மருத்துவமனையில் வேலை. வாய் நிறையக் கருவிகளோடு படுத்திருப்பவர்கள் 'ஆ ஊ' என்பதை வைத்தே இன்னது வேண்டுமென்று சொல்லிவிடுவாள். டாக்டரே அவளிடம்தான் கேட்பார். பெற்ற தாயின் ஒற்றை விரல் மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை.

அப்பா வந்தார். வாசலிலிருந்து கூடத்துக்கு நாலு பேர் தூக்கி வந்தார்கள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. வேலை முடிந்து கையைக் கழுவிய திருப்தியோடு படுத்திருந்தார். வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். நல்ல சாவு என்றார்கள். எது நல்லது என்று அவளுக்கு விளங்கவில்லை. அம்மாவின் நாற்காலியை அவர் அருகே தள்ளிக்கொண்டு போனபோது, அம்மா அவர் சட்டையின் மேல் பொத்தானைத் தொட்டுப் பார்த்தாள். மாட்டியிருந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

தரகர் வேனருகே தயங்கித் தயங்கி நின்றிருந்தார். குட்டையான மனிதர், சட்டைப்பையில் சாவிக்கொத்து. கூட்டம் நகர்ந்ததும் அவளிடம் வந்தார்.

"மேடம், இப்ப பேசக் கூடாதுதான். ஆனா இன்னொரு பார்ட்டி காத்திருக்காங்க. சார் நேத்து, 'இதுதான், முடிச்சிடலாம்'னுட்டாரு. அதுக்கப்புறம்தான் இப்படி ஆச்சு. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள வேணும், வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும்."

"அந்த வீட்ல அப்படி என்னங்க இருந்துச்சு?"

தரகர் தலையைச் சொறிந்தார். "உண்மையச் சொல்லணும்னா ஒண்ணும் இல்ல மேடம். ரெண்டே ரூமு. கூரை ஒழுகுது. ஜன்னலெல்லாம் ரோட்டப் பாத்து இருக்கு. ஆனா வாசப்படியிலேர்ந்து படகு வரைக்கும் ஒரே சரிவு, படின்னு ஒண்ணு கெடையாது. முன்னாடி அங்க பால் கேனெல்லாம் வண்டியில தள்ளிட்டுப் போய்ப் படகுல ஏத்துவாங்களாம்."

"மணல் மூட்டை எதுக்கு?"

"அது எல்லா வீட்லயும் உண்டு மேடம். மூட்டைய வீல்சேர்ல கட்டி, அவரே தள்ளிட்டுப் போவாரு. படகுல ஏறுதா இறங்குதான்னு பாப்பாரு. பல எடத்துல மூட்டை தண்ணியில விழுந்திருக்கு. நான் ஒரு கை பிடிக்கிறேன் சார்னா விட மாட்டாரு. 'நெசமா போறப்ப நான் ஒருத்தன்தானே இருப்பேன்'னுவாரு. 'லிப்ட்ல வெயிட் வெச்சுப் பாக்காம ஆள ஏத்த மாட்டோம்'னுவாரு."

போன மாதம் ஒருநாள் காலையில் அப்பா அம்மாவை இரு கைகளிலும் தூக்கிக்கொண்டு எடைபார்க்கும் கருவிமேல் ஏறி நின்றார். அம்மா இறங்கத் திமிறினாள். 'என்னப்பா விளையாட்டு இது?' என்று மகள் கடிந்துகொண்டபோது, 'மகாராணி இளைச்சுட்டாங்களான்னு பாக்கறேன்' என்றார்.

"அவருக்குப் படகு ஓட்டத் தெரியாதே?"

"கத்துக்கிட்டாரே. மொதல்ல வட்டமாத்தான் சுத்தினாரு. நேத்து ஜோரா ஒரு ரவுண்டு போயிட்டு வந்தாரு. மூட்டையத் திரும்ப மேல தள்ளிட்டு வந்து, வேன்ல ஏத்திட்டு, அதுக்குப் போர்வை போத்தி விட்டாரு. 'காத்து அடிக்குது, குளிரும்'னாரு. நான் சிரிச்சேன், அவரும் சிரிச்சாரு. சிரிச்சிக்கிட்டே வேன் படியில உக்காந்தாரு. எந்திரிக்கல."

தரகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்போனை நீட்டினார். அப்பா அவருக்கு அனுப்பிய படம். வீட்டுக் கூடத்துக் காலண்டர்தான். நீல ஏரி, கரையில் கட்டிய ஒரு படகு.

"உங்க அம்மா தினமும் இதையே கை காட்டுறாங்களாமே? 'வாய் விட்டுக் கேக்க முடியாதவ, கை காட்டிக் கேக்கறா, செய்யாம எப்படி?'ன்னாரு. அவங்களுக்குத் தெரியக் கூடாது, நேரா கொண்டுபோய் நிறுத்தணும்னு ஒரே பிடிவாதம். உங்களுக்கும் தெரியாதா?"

அப்பாவை வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போது காரில் வைத்து அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓவென்று அழுதான். காலையில் மூளை குழம்பியது என்றவன் இப்போது, "வாங்கிடலாம், அம்மா ஆசைப்பட்டா அப்புறம் என்ன யோசன, இப்பவே போன் போடு" என்றான்.

"அம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கறேன்" என்றாள் அவள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வீடு காலியாகியிருந்தது. நாற்காலிகள் தாறுமாறாகக் கிடந்தன. அம்மாவின் கை அவளைப் பார்த்ததுமே சுவரை நோக்கி உயர்ந்தது. மகள் போய்க் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து அம்மா மடியில் வைத்தாள். மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"இங்க போகணும்னுதானேம்மா காட்டின?"

அம்மா படத்தைப் பார்த்தாள். அதை முதன்முதலாகப் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள். இல்லை என்று தலையசைத்தாள்.

"ஏரி? படகு?"

இல்லை. இல்லவே இல்லை. விரல் வெற்றுச் சுவரையே காட்டியது. அப்படியானால் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் எதற்கு? மூட்டைகள் எதற்கு? எழுந்துபோய்க் காலண்டரை மறுபடி மாட்டினாள். மாட்டியது இடதுபக்கம் சரிந்தது. கைப்பழக்கத்தில் அதன் மூலையைத் தட்டி நேராக்கினாள். அப்பாவின் வீட்டில் வளர்ந்தவர்கள் யாரும் கோணலாக எதையும் மாட்டிவிட்டுப் போக முடியாது.

அம்மாவின் கை மெல்ல மடிக்கு இறங்கியது. செருப்புக்குள் உறுத்திக்கொண்டிருந்த கல்லை எடுத்துப் போட்டவள்போல நீளமாக மூச்சு விட்டாள்.

"கோணலா இருந்துச்சா?" என்றாள் மகள். "அவ்வளவுதானாம்மா? இதுக்குத்தானா இத்தன நாளும்?"

அம்மா ஆமென்று தலையாட்டினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவைக் கூட்டிவந்த அன்று அவசர அவசரமாக அப்பா மாட்டியது அந்தக் காலண்டர். ரசமட்டம் வைத்துப் படம் மாட்டுகிற மனுஷன். நாற்பது வருஷமாக அதற்காக அவரைக் கேலி செய்தவள் அம்மா. கேலி செய்து செய்தே அந்த வியாதி அவளையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவருக்கோ விரல் நீண்ட திசையில் ஏரி மட்டும்தான் தெரிந்திருக்கிறது. மகளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்பு எங்கே அழுகையாயிற்று என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. இதை அம்மாவிடம் சொல்வதா, மறைப்பதா? மறைத்தால் அப்பா ஒரு பைத்தியக்காரராகச் செத்ததாக ஆகிவிடும். சொன்னால் அம்மாவின் விரலால் செத்ததாக ஆகுமே.

சொல்லிவிட்டாள். மூட்டை, எடை, படி, துடுப்பு, வட்டமாகச் சுற்றிய படகு, போர்வை எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா கண் இமைக்காமல் கேட்டாள். மூட்டை தண்ணீரில் விழுந்த இடத்தில் அவள் உதட்டின் ஒரு பாதி சிரித்தது. போர்வையைச் சொன்னபோது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பிறகு கை மறுபடி உயர்ந்தது. அதே சுவர்.

"இப்ப நேராதானேம்மா இருக்கு?"

கை இறங்கவில்லை. மகள் எழுந்துபோய் மேல் மூலையை அழுத்தினாள். இல்லை. கீழ் மூலையைத் தட்டினாள். இல்லை. ஒன்றும் புரியாமல், கடைசியில், இடதுபக்கம் மெதுவாக இழுத்து, எட்டு மாதமாக இருந்தபடியே சரித்துவிட்டாள்.

கை இறங்கியது.

போன் அடித்தது. தரகர். அண்ணன் வாசலில் நின்றபடி, "என்னடி சொன்னாங்க?" என்றான். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா நாற்காலியின் பக்கவாட்டில் தொங்கிய இடுப்புப் பட்டையை இடது கையால் இழுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பட்டையைப் போட அவள் ஒருநாளும் விட்டதில்லை. அப்பா தினமும் கெஞ்சித் தோற்றது அந்தப் பட்டையிடம்தான். மடிக்குக் குறுக்கே கொண்டுவந்துவிட்டாள். ஒற்றைக் கையால் மாட்டத்தான் வரவில்லை. மகள் குனிந்து மாட்டிவிட்டாள். 'டக்'கென்றது.

"யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றாள் போனில். "நாளைக்குக் காலையில அம்மா வந்து பாப்பாங்க. பாத்துட்டு அவங்களே சொல்லட்டும்."

அண்ணன் வெளியே போனான். அம்மாவின் நாற்காலியை வேனில் ஏற்ற இடம் வேண்டும். ஜன்னல் வழியே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூட்டையாக இறக்கி, வாசல் சுவரோரமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். கையைத் தட்டிக்கொண்டு இரண்டடி நடந்தவன் திரும்பி வந்தான். வேனுக்குள் கிடந்த போர்வையை எடுத்து உதறி அவற்றின்மேல் போர்த்திவிட்டு உள்ளே வந்தான்.