அடைப்பான் பற்றிய கூட்டம்

அனந்தகிருஷ்ணனுக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. செம்பூர் ஆராய்ச்சிக்கூடமொன்றில், பதனிடாத பச்சைத் தோலிலிருந்து மனிதருக்குத் தொற்றும் அடைப்பான் என்ற ஆந்த்ராக்ஸ் நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். கிருமியைக் கையாள அஞ்சாதவர், நாலு பேர் முன்னால் பேச அஞ்சுவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில், விஞ்ஞானிகளே மக்களிடம் போய்க் கூட்டம் நடத்த வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்தது. அவர்களைப் பழக்க, முதியோர் கல்வி வகுப்பு நடத்தும் ராபியாவை அழைத்தார்கள்.

ஒத்திகையில் ராபியா அவரைப் பாதியில் நிறுத்தினார்.

"சார், நீங்க பாடம் நடத்துறீங்க. அவங்களைப் பேச விடுங்க. கோபப்பட்டா, எதுக்குப் பயப்படுறாங்கன்னு கேளுங்க."

"அடிக்க வந்தா?"

ராபியா சிரிக்கவில்லை. "அப்பவும் கேளுங்க."

தாராவியில் ஒரு பள்ளிக்கூட அறை. ராபியாவும் உடன் வந்திருந்தார். தோல் கிடங்குத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அனந்தகிருஷ்ணன் 'அடைப்பான்' என்று சொல்லி வாய் மூடவில்லை, கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"மாட்டுக்கு வருமே, அதுவா? ராத்திரி நின்ன மாடு விடியக்கால செத்துக் கெடக்குமே!"

பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். ஒருவன் பெஞ்சைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "சேட்டு கிடங்கப் பூட்டிட்டா எங்க கஞ்சிக்கு நீரா வழி சொல்லுவீரு?"

ஓடிவிடலாமா என்றிருந்தது அவருக்கு. வாசலை ஆட்கள் அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"பூட்ட வரலை," என்றார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. உங்க பயம் என்னன்னு சொல்லுங்க."

சத்தம் மெல்ல அடங்கியது. ஓரத்தில் இருந்த பேராச்சி கேட்டாள்: "ஐயா, மனுசருக்கு வந்தா எப்படி இருக்கும்?"

விளக்கம் நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டார். "நீங்க எதையாவது பாத்தீங்களாம்மா?"

அவள் பக்கத்திலிருந்த கணவன் மாசானத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவன் தலையசைத்தான்.

"வலியே இல்லங்காவ. சொன்னா வேலைய விட்டு நிறுத்திருவாவன்னு மறைச்சிட்டோம்." சட்டென்று அவனுடைய முழுக்கைச் சட்டையின் கையை மேலே சுருட்டினாள். முன்கையில் கரியாகக் கறுத்த புண். முழங்கைக்கு மேலும் வீக்கம்.

சுற்றி இருந்தவர்கள் விலகினார்கள். அனந்தகிருஷ்ணன் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். மனித உடம்பில் அதை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"பெனிசிலின் ஊசி இருக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"பொழைச்சுக்கிடுவாவளா?"

ஆமாம் என்று சொல்லிவிட ஆசைப்பட்டார். "நிறையப் பேர் பொழைச்சிருக்காங்கம்மா. தள்ளிப்போட்டாத்தான் ஆபத்து."

ராபியாவைக் கூட்டத்தோடு விட்டுவிட்டு டாக்சி பிடித்தார். வழியெல்லாம் மாசானத்தின் மூச்சையே கவனித்துக்கொண்டு வந்தார். காய்ச்சல் சில நாள் ஆட்டிவைத்தது. பிறகு இறங்கியது. உயிர் தப்பியது, வேலை போனது.

"நீங்க கேக்காம இருந்திருந்தா வேலையாவது மிஞ்சியிருக்கும்," என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பேராச்சி சீறினாள். அடுத்த கணமே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இரண்டாவது கூட்டத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மாசானத்துக்கு வேலை போன செய்தி எல்லாச் சந்துக்கும் எட்டியிருந்தது. யாருக்காவது புண் இருக்கிறதா என்று கேட்க அனந்தகிருஷ்ணன் தயங்கினார். கேட்டால் இன்னொருவன் பிழைப்பு போகும். கேட்காவிட்டால் உயிர் போகும்.

தாமதமாக வந்த பேராச்சி அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. கூட்டிவந்திருந்த, கிடங்கில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பூமாரியை முன்னால் தள்ளினாள்.

"கழுத்துல இருக்க புண்ண ஐயாட்ட காட்டுளா."