நத்தை முதுகில் நிலா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில் பெர்கஸ் லண்டனுக்குப் போய் ஒரு பழைய சித்தாரோடு திரும்பி வந்தான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. தெரியாது என்பதும் அவனுக்குத் தெரியாது. நான் அவனுக்குப் பக்கத்தில் புல்லாங்குழல் ஊதுகிறவள், காதலியும்கூட. அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

எடின்பரோவில் ஒரு மதுக்கடையின் நிலவறையில் வாராவாரம் நாட்டுப்பாட்டுக் கூட்டம் நடக்கும். நடத்துகிறவள் எஃபி. மீன் விற்கிறவள், குரலும் அதற்கேற்ற குரல். அங்கே யார் பாடினாலும் பல்லவியை அறையே சேர்ந்து பாடும். அறை வாய் திறக்காவிட்டால், பாடினவனுக்கு மறுபடி இடமில்லை. மற்ற கூட்டங்களிலெல்லாம் எங்களை ஏற்கெனவே விரட்டியாயிற்று. மிச்சமிருந்தது இது ஒன்றுதான்.

சித்தாரைப் பார்த்ததும் எஃபி இடுப்பில் கை வைத்தாள்.

"என்னடா இது, பூசணிக்காயில கம்பு சொருகி வச்சிருக்க?"

"சித்தார்க்கா."

"பாட்டு யாரு எழுதினது?"

"நான்தான்."

"அப்ப அது நாட்டுப்பாட்டே இல்ல. யாரு எழுதினதுன்னு ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது, அதான்டா நாட்டுப்பாட்டு. சரி, ஒண்ணே ஒண்ணு பாடு. யாரும் கூடப் பாடலன்னா பூசணியத் தூக்கிட்டு ஓடிரணும்."

அந்தப் பாட்டுக்குப் பல்லவியே கிடையாது என்பதை நாங்கள் அவளிடம் சொல்லவில்லை. நத்தை, நிலா, பேசுகிற படிக்கட்டு என்று சரணம் சரணமாகப் போகும். பெர்கஸ் அதைக் கனவில் கண்டானாம். படுப்பதற்கு முன் என்ன புகைத்தான் என்று நான் கேட்கவில்லை.

முதல் சரணம் முடிந்தது. யாரோ இருமினார்கள். இரண்டாவதன் கடைசி வரியில் அவன் முகம் வெளுத்தது. அடுத்த சரணம் மறந்துவிட்டது! வேறு வழியில்லாமல் அதே வரியைப் பிடித்துத் தொங்கினான்.

"நத்தையே நட, நிலா உன் முதுகிலே..."

மறுபடியும் அதே வரி. மறுபடியும். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

ஆனால் அந்த அறையில் இருந்தவர்களுக்கு ஒரு பழக்கம். ஒரு வரி திரும்ப வந்தால் அது பல்லவி, பல்லவி வந்தால் பாடியாக வேண்டும். மூலையிலிருந்து கப்பல்பட்டறைக்காரர் ஒருவர் கனத்த குரலில் சேர்ந்துகொண்டார். பிறகு அவர் மேசை முழுவதும் பாடியது. சித்தாரின் ரீங்காரம் எங்கள் ஸ்காட்லாந்துத் தோல்பைக் குழலின் ஒற்றைச் சுருதி மாதிரியே கீழே ஓட, அதன்மேல் எஃபி கண்ணை மூடிக்கொண்டு எட்டுக் கட்டையில் ஏறினாள். யாருக்கும் நிறுத்த மனமில்லை. எனக்குச் சிரிப்பு பொங்கி, குழலில் காற்றே போகவில்லை.

"மறந்துதானே போச்சு?" என்றாள் எஃபி, முகத்தைத் துடைத்தபடி.

பெர்கஸ் தலையாட்டினான்.

"மிச்சத்தையும் மறந்துரு. அடுத்த வாரம் வா. அந்தப் பூசணியையும் கூட்டிட்டு வா."

நாற்பது வருஷம் கழித்து ஒரு கோடைத் திருவிழா. மழை, சேறு, கூட்டம். மேடையில் பச்சைத் தலைமுடிப் பெண் ஒருத்தி சித்தாரை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "இது ரொம்ப ரொம்பப் பழைய பாட்டு. யாரு எழுதினதுன்னே தெரியல."

நத்தையே நட, என்று மைதானமே பாடியது.

நான் என் கிழவனை இடித்தேன். "போய்ச் சொல்லேன், நீதான்னு."

பெர்கஸின் தாடியெல்லாம் கண்ணீர். "வாய மூடு ரோனா, கெடுத்துராத. ஜெயிச்சுட்டேன்டி!" என்றான்.

அடுத்த பல்லவிக்கு எல்லாரையும்விட உரக்கக் கத்தினான்.